கபடி ஆட்டத்துக்கு ஒரு எக்ஸெல் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. படம் பார்த்தாயிற்று, பாட்டுக் கேட்டாயிற்று, ஊரிலுள்ள உறவினர்களுக்கெல்லாம் மெயிலும் அனுப்பியாயிற்று. இனி இதை வைத்து என்ன செய்வது என்று யோசிக்கிறீர்களா? நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். வேலை கிடைத்து வெளியூர் போன என் மகன் விட்டுச் சென்ற கம்ப்யூட்டர் அது. பல மாதங்கள் அதன் மேல் ஒரு துணி மூடியிருந்தது. ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் நான் உடற்கல்வி ஆசிரியர். மாலையில் பெண்கள் கபடி அணிக்குப் பயிற்சி தருகிறேன். எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் விசில், ஸ்கோர் போர்டு, ஸ்டாப் வாட்ச், அவ்வளவுதான்.

அந்த என்னை எக்ஸெல் முன்னால் உட்கார வைத்தது ஒரு தவறு. அந்தத் தவறையும், அதைக் கண்டுபிடிக்க நான் போட்ட ஒர்க்‌ஷீட்டையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கபடி தெரியாதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதே முறையில் நீங்கள் கடை வியாபாரத்தையோ பால் கணக்கையோ பார்க்கலாம்.

ஸ்கேட்டிங் தந்த யோசனை

விடுமுறைக்கு வந்த மகன் ஒரு நாள் ரோலர் டெர்பி என்ற விளையாட்டைக் காட்டினான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வட்டத் தடத்தில் இடித்துக்கொண்டு ஓடுவது. 1935ல் சிகாகோவில் தொடங்கியது. இடையில் மங்கிப் போய், 2000களின் தொடக்கத்தில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரப் பெண்களால் மறுபடி உயிர் பெற்றது. அணிக்கு 5 பேர். அதில் 'ஜாமர்' என்ற ஒருத்திதான் எதிரணியினரைத் தாண்டிப் புள்ளி எடுக்க முடியும். மற்ற 4 பேரும் எதிரணி ஜாமரை மறிப்பார்கள், தம் ஜாமருக்கு வழி விடுவார்கள். அதிகபட்சம் 2 நிமிடம் கொண்ட ஒரு சுற்றுக்கு 'ஜாம்' என்று பெயர்.

அவர்களுடைய கணக்குப் புத்தகம் ஓர் எக்ஸெல் ஃபைல் என்பதுதான் எனக்கு வியப்பு. ஒவ்வொரு ஜாமிலும் எத்தனை புள்ளி வந்தது என்பதோடு, அப்போது யார் யார் தடத்தில் நின்றார்கள் என்பதையும் அதில் எழுதுகிறார்கள். ஒருத்தி நிற்கும்போது அணி எடுத்த புள்ளியிலிருந்து விட்ட புள்ளியைக் கழித்தால், புள்ளியே எடுக்காதவளின் மதிப்பும் தெரிந்துவிடும்.

கபடியிலும் இதே சங்கடம் உண்டு. கை தட்டல் எல்லாம் ரைடு போகிறவளுக்கும், பாய்ந்து பிடிக்கிறவளுக்கும்தான். மற்றவர்கள் செய்ததை யார் எழுதி வைக்கிறார்கள்?

ஒரு ரைடு, ஒரு வரி

மாவட்டப் போட்டிக்கு 12 பேர் கொண்ட பட்டியலை நான் ஏற்கனவே அறிவித்துவிட்டேன். இடது கார்னரில் நிற்கும் 4ம் நம்பர் பெண்ணை அதில் சேர்க்கவில்லை. ஆட்டத்துக்கு ஒரு பிடி கூடத் தேறவில்லை என்பது என் நோட்டுப் புத்தகக் கணக்கு. அவளும் ஒன்றும் சொல்லாமல் ஜெர்சியை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். அந்த வாரம்தான் மகன் வந்திருந்தான். "அப்பா, அவ நிக்கும்போது என்ன ஆச்சுன்னு பாத்தீங்களா?" என்று கேட்டான். பார்க்கவில்லை.

நல்ல வேளையாக 9 ஆட்டங்களை மொபைலில் படம் பிடித்து வைத்திருந்தோம். அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, விஎல்சி பிளேயரில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஸ்பேஸ் பார் தட்டினால் படம் நிற்கும். கீபோர்டில் சதுர அடைப்புக் குறிகள் உள்ள இரண்டு கீகளில் இடது பக்கம் உள்ளது வேகத்தைக் குறைக்கும், வலது பக்கம் உள்ளது கூட்டும்.

பெண்கள் ஆட்டம் 15 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒரு ரைடுக்கு அதிகபட்சம் 30 வினாடி. ஆகவே ஓர் ஆட்டத்துக்கு 60 ரைடுக்குக் குறையாது. ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு படுக்கை வரிசை. நெட்டு வரிசைகளில் நான் போட்ட தலைப்புகள் இவை:

1. ஆட்டம் எண்
2. யார் ரைடு (நாம் / அவர்கள்)
3. ரைடர் நம்பர்
4. மூன்றாவது ரைடா (1 அல்லது 0)
5. முடிவு (வெற்றி / வெறும் ரைடு / அவுட்)
6. எடுத்த புள்ளி
7. விட்ட புள்ளி
8. லோனா புள்ளி
9. களத்தில் நம்மவர் எத்தனை பேர்
10. அதன் பின் ஆளுக்கு ஒரு நெட்டு வரிசை: களத்தில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0

லோனாவுக்குத் தனி இடம் ஏன்? ஓர் அணி முழுவதும் அவுட் ஆனால் கிடைக்கும் 2 புள்ளி அது. கடைசி ஆளைத் தொட்டவள் கணக்கில் அதைச் சேர்த்தால், அதுவரை ஆறு பேரை வெளியேற்றியவர்களுக்கு அநியாயமாகிவிடும்.

தலைப்புகளைத் தமிழிலேயே டைப் செய்யலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதிலுள்ள கால்க் புரோகிராமிலும் இந்த வேலை நடக்கும்.

நான் பட்ட அடிகள்

முதல் அடி: இரண்டு ஆட்டங்களை முழுவதும் டைப் செய்து முடித்த நேரத்தில் கரண்ட் போனது. சேவ் செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீண். வேலையைத் தொடங்கும் முன்பே ஃபைலுக்குப் பெயர் கொடுத்து சேவ் செய்துவிடுங்கள். பிறகு பத்து வரிக்கு ஒரு முறை கண்ட்ரோல் கீயுடன் எஸ் தட்டுங்கள்.

இரண்டாவது அடி: சில இடங்களில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்திருந்தேன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எக்ஸெல்லுக்கு அது எண் அல்ல, எழுத்து. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. நீங்கள் எதையும் மாற்றாதவரை எண்கள் செல்லின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்துகள் இடது ஓரத்தில் நிற்கும். இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் 'பூஜ்யம்' பூஜ்யமே அல்ல.

பிவட் டேபிள்: பார்முலா தெரியாதவர்களின் நண்பன்

9 ஆட்டமும் சேர்ந்து 600 வரிக்கு மேல் வந்தது. இதைக் கையால் எண்ணினால் கண் போய்விடும். கீழ்க்கண்டபடி செய்யுங்கள்.

முதலில் டேட்டாவுக்குள் ஏதாவது ஒரு செல்லில் கிளிக் செய்து, கண்ட்ரோல் கீயுடன் டி தட்டி ஓகே கொடுங்கள். உங்கள் பட்டியல் ஒரு 'டேபிள்' ஆகிவிடும். பின்னால் புதிய வரிகள் சேர்த்தாலும் அவை தானாகவே கணக்கில் வரும். அடுத்து இன்ஸர்ட் டேபில் பிவட் டேபிள் என்பதைக் கிளிக் செய்து ஓகே கொடுங்கள். புதிய ஒர்க்‌ஷீட் திறக்கும். வலது பக்கம் உங்கள் தலைப்புகள் எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றின் கீழே ஃபில்டர்ஸ், காலம்ஸ், ரோஸ், வேல்யூஸ் என்று நான்கு பெட்டிகள் தெரியும். தலைப்பை மவுஸால் இழுத்துப் பெட்டிக்குள் போடுவதுதான் வேலை.

முதலில் ரைடர்களைப் பார்த்தேன். 'ரைடர் நம்பர்' தலைப்பை ரோஸ் பெட்டியிலும், 'முடிவு' தலைப்பை காலம்ஸ், வேல்யூஸ் இரண்டிலும் போட்டு, ஃபில்டரில் 'நாம்' என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தேன். எங்கள் அணியின் நட்சத்திரம் 9ம் நம்பர். அவள் போன 126 ரைடில் 33 முறை அவுட். ஏறக்குறைய நாலில் ஒன்று! அமைதியாக ஆடும் 11ம் நம்பரோ 48 ரைடில் 6 முறைதான் அவுட். எட்டில் ஒன்று. நட்சத்திரத்தை உட்கார வைத்துவிடலாமா என்று கூட ஒரு கணம் நினைத்தேன்.

அவசரப்பட்டிருந்தால் இன்னொரு தவறு செய்திருப்பேன். எங்கள் பக்கம் ஆடும் விதிப்படி, ஓர் அணி தொடர்ந்து இரண்டு முறை புள்ளியில்லாமல் திரும்பினால், மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ரைடர் அவுட். அந்த ஆபத்தான ரைடுக்கெல்லாம் நான் 9ம் நம்பரைத்தான் அனுப்பியிருக்கிறேன். 11ம் நம்பரை ஒரு முறை கூட அனுப்பவில்லை. 'மூன்றாவது ரைடா' தலைப்பை ஃபில்டரில் போட்டுப் பிரித்ததும் விஷயம் விளங்கியது. 9ம் நம்பரின் 33 அவுட்டில் 19 அந்த 38 மூன்றாவது ரைடுகளில் வந்தவை. மீதி 88 ரைடில் 14 அவுட்தான். 11ம் நம்பருக்கும் அவளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. குறை அவளிடம் இல்லை, எப்போதும் அவளையே அனுப்பியவனிடம்.

4ம் நம்பர் நின்றபோது

இப்போது முக்கியமான கேள்விக்கு வந்தேன். ஃபில்டரில் 'அவர்கள்' ரைடு. ரோஸ் பெட்டியில் '4ம் நம்பர்'. வேல்யூஸ் பெட்டியில் 'விட்ட புள்ளி'. அங்கே கூட்டுத்தொகை வரும். அதன் அம்புக்குறியைக் கிளிக் செய்து, வேல்யூ ஃபீல்டு செட்டிங்ஸ் போய், ஆவரேஜ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகையை வைத்து ஒப்பிட்டால், அதிக நேரம் களத்தில் நின்றவளுக்கு அதிகம் விட்ட கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

திரையில் இரண்டே வரி. அவள் களத்தில் இல்லாதபோது எதிரணியின் 10 ரைடுக்கு நாங்கள் விட்டது 7 புள்ளி. அவள் இருக்கும்போது 4.

ஒரு முறை ஏமாந்தவன் அல்லவா, உடனே நம்பவில்லை. அவள் வெளியே இருக்கும் நேரங்களில் களத்தில் ஆளே குறைவாக இருந்திருக்கலாமே? 'நம்மவர் எத்தனை பேர்' தலைப்பை ஃபில்டரில் சேர்த்து, 5 பேரும் அதற்கு மேலும் இருந்த ரைடுகளை மட்டும் பார்த்தேன். 7 என்பது 6 ஆகக் குறைந்தது. 4 அப்படியே நின்றது.

மறுபடி வீடியோவைப் போட்டு, இந்த முறை பந்தயத்தைப் பார்க்காமல் அவளுடைய காலை மட்டும் பார்த்தேன். ரைடர் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டும்போதெல்லாம் இவள் அரை அடி முன்னால் வருகிறாள். பிடிப்பதில்லை. பிடிக்கப் போவது போல் ஒரு அசைவு, அவ்வளவுதான். ரைடர் பயந்து மறுபக்கம் திரும்புகிறாள். அங்கே கை கோத்து நிற்கும் இருவர் மடக்குகிறார்கள். பிடி அவர்கள் பெயரில் ஏறுகிறது. இருபது வருடமாகக் கபடி பார்க்கும் என் கண் பந்தின் பின்னால் ஓடும் குழந்தை போல ரைடரின் பின்னாலேயே ஓடியிருக்கிறது.

ஒர்க்‌ஷீட்டால் முடியாதது

அன்று இரவே அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாவும் மகளும் மறுநாள் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார்கள். "பாப்பா, நான்தான் கணக்கைத் தப்பா வச்சிருந்தேன். நாளைக்கு வந்து ஜெர்சியை வாங்கிக்கம்மா" என்றேன். அவள் உடனே சிரிக்கவில்லை. "சார், நான் விட்ட பாயின்ட்டும் அந்தக் கணக்குல இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்ப அதையும் காட்டுங்க சார்" என்றாள்.

12 இடம்தான். ஒருத்தி உள்ளே வந்தால் ஒருத்தி வெளியே போக வேண்டும். அதை இன்னொரு பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கும் அதே ஒர்க்‌ஷீட்டைக் காட்டினேன். காட்டியதால் அவள் அழுகை நிற்கவில்லை. ஆனால் அடுத்த நாளும் பயிற்சிக்கு வந்தாள். "சார், எனக்கு எந்தப் பக்கம் நின்னா கம்மியா போகுது?" என்று கேட்டாள். இடது, வலது என்று பிரித்து எழுத இன்னொரு நெட்டு வரிசை சேர்த்தோம்.

மாவட்டப் போட்டியில் நாங்கள் அரையிறுதியில் 3 புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். எக்ஸெல் போட்டால் கோப்பை வரும் என்று நான் சொல்ல மாட்டேன். 9 ஆட்டம் என்பது சிறிய கணக்கு. நாளை இந்த எண்கள் மாறலாம். களத்தில் சோர்ந்த தோழியைத் தட்டிக் கொடுப்பதற்கு எந்தத் தலைப்பும் என் ஒர்க்‌ஷீட்டில் இல்லை. எழுதியதை மட்டும்தான் கம்ப்யூட்டர் கூட்டும். எதை எழுதுவது என்று நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

நீங்களும் தொடங்குங்கள்

உங்கள் வீட்டில் கபடி இல்லாமல் இருக்கலாம். மளிகைக் கடை இருக்கும், இரண்டு மாடு இருக்கும், மகனின் கிரிக்கெட் இருக்கும். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். முடிவை மட்டும் எழுதாமல், அப்போது என்னென்ன கூட இருந்தது என்பதையும் எழுதுங்கள். முப்பது நாற்பது வரி சேர்ந்ததும் பிவட் டேபிள் போட்டுப் பாருங்கள். புதிய வரிகள் சேர்த்த பின் பிவட் டேபிள் மேல் ரைட் கிளிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுக்க மறக்காதீர்கள். கொடுக்காவிட்டால் பழைய கணக்கே தெரியும்.

எங்கள் ஒர்க்‌ஷீட்டில் இப்போது டைப் செய்வது நானல்ல. 4ம் நம்பர்தான். தன் வரிகளை அவள் மற்றவர் வரிகளை விடக் கண்டிப்பாக எழுதுகிறாள்.