எண்ணெய் வயலா, தண்ணீர் வயலா?

வடகிழக்குச் சீனாவின் டாச்சிங் எண்ணெய் வயலில் இன்று கிணறுகள் மேலே கொண்டுவருவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 1959 செப்டம்பரில் சோங்ஜி-3 கிணற்றில் எண்ணெய் கிடைத்ததும், ‘இரும்பு மனிதர்’ எனப்பட்ட துளையிடும் குழுத் தலைவர் வாங் ஜின்சியின் வீரமும் தெரிந்த கதைகள்தான். ஆனால் 1976 முதல் 2002 வரை, 27 ஆண்டுகள், ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்குக் குறையாமல் எண்ணெயை எப்படி எடுத்தார்கள்?

தண்ணீரைக் கொண்டுதான். நிலத்தடி அழுத்தம் விழும்வரை காத்திருக்காமல் தொடக்கத்திலேயே தண்ணீரைச் செலுத்தி, எண்ணெயைக் கிணறுகளை நோக்கித் தள்ளினார்கள். ஆனால் தண்ணீர் எளிய வழியைத்தான் தேடும். துளைகள் பெரிதான மணற்பாறை அடுக்குகளில் புகுந்து முந்திக்கொண்டு ஓடிவிடும். இறுகிய அடுக்குகளில் எண்ணெய் அப்படியே தங்கிவிடும்.

அதற்கு மருந்தாக 1996 முதல் பெரிய அளவில் வந்தது பாலிமர். பாலிஅக்ரிலமைடு கலந்த தண்ணீர் கஞ்சிபோலக் கெட்டிப்பட்டு, முந்தி ஓடாமல், எண்ணெயைப் பரவலாகத் தள்ளுகிறது. பாலிமர் செலுத்திய பகுதிகளின் மொத்த இருப்பில் இன்னொரு பத்து விழுக்காடு அளவுக்கு இதனால் கிடைக்கிறது. 2014 முதல் பாலிமரோடு காரமும், சோப்பைப் போல் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் சர்ஃபாக்டன்ட்டும் சேர்ந்த மும்மைக் கலவையும் பெரிய அளவில் இறங்கியது. பாறைத் துளைகளில் சிக்கிய துளிகளைக்கூட அது விடுவிக்கிறது. புது வயல் தேடி அலைவதைவிடப் பழைய வயலில் மிச்சத்தை எடுப்பது மேல் என்பதற்கு டாச்சிங்தான் சாட்சி.

ஆனால் அந்த மிச்சத்துக்கு விலை? தண்ணீரின் பங்கு 90 விழுக்காடாக இருந்தால் ஒரு லிட்டர் எண்ணெயோடு 9 லிட்டர் தண்ணீர் வரும். 95 ஆனால் 19 லிட்டர். ஐந்தே விழுக்காடு ஏற்றம், சுமையோ இருமடங்குக்கு மேல். அத்தனையையும் மின்சாரம் செலவழித்து ஏற்ற வேண்டும், சுத்திகரிக்க வேண்டும், மறுபடி உள்ளே தள்ள வேண்டும். உப்பு பாலிமரின் கெட்டித்தன்மையைக் குலைக்கும் என்பதால் கலவைக்கு நன்னீரையே நாடினார்கள். மேலே வரும் தண்ணீரில் பாலிமர் கலந்திருந்தால் எண்ணெய்த் துளிகள் எளிதில் பிரிவதில்லை. காரத்தால் உண்டாகும் படிவோ பம்புகளில் இறுகி அவற்றை முடக்குகிறது.

வந்த தண்ணீரே திரும்ப உள்ளே போகிறது, அதனால் வீண் இல்லை என்பது பொறியாளர்களின் பதில். அதில் உண்மை உண்டு. ஆனால் சுற்றிவரும் தண்ணீருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரமும் ரசாயனமும் செலவாகின்றன.

ஆண்டுதோறும் எத்தனை டன் எடுத்தோம் என்று அறிவிக்கிறவர்கள், ஒவ்வொரு டன்னுக்கும் எவ்வளவு தண்ணீர் ஏற்றினோம், அதில் நன்னீர் எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே அச்சிடட்டும். பழைய வயலில் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதை அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும்.