மண் சுவருக்கு ஒரு தெர்மாகோல் ஸ்வெட்டர்!

சேத்தியாத்தோப்பு சுத்துப்பட்டு கிராமங்கள்ல ரெண்டு வகை வீடு பார்க்கலாம். மண் சுவர் வெச்ச கூரை வீடு... மே மாசத்துலயும் உள்ளே ஜில். ஆனா, வெள்ளாறு கரை புரண்டா சுவர் கரைஞ்சு உட்கார்ந்துடும். பக்கத்துலயே கான்கிரீட் வீடு... வெள்ளத்துக்கு அசையாது, ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே ஓவன்! 2024-ல் அறிவிச்ச 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்துல குடிசைக்குப் பதிலா 360 சதுர அடியில கான்கிரீட் கூரை வீடு. பாதுகாப்பு ஓகே. அந்த ஜில் எங்கே பாஸ்?

இந்தக் கேள்விக்கு வெளிநாட்டு பதில், ஐ.சி.எஃப். உள்ளே கூடா இருக்கிற தெர்மாகோல் கட்டிகளை லெகோ மாதிரி அடுக்கி, கம்பி சொருகி, கான்கிரீட் ஊத்துவாங்க. ஷட்டரிங்கைப் பிரிக்கவே வேணாம்... அதுவே சுவரோட ஸ்வெட்டர்! கனடாவுல இன்னும் ஒரு படி மேல. ரெண்டு அடுக்கு மண்ணை இடிச்சு இறுக்கி, நடுவுல ஃபோம் வெச்சு சாண்ட்விச் சுவர் எழுப்புறாங்க.

ஃபோம் எதுக்கு? மண்ணு சூட்டைத் தடுக்காது, லேட்டாக்கும். மதிய வெயில் ராத்திரிதான் உள்ளே வந்து சேரும். தடுக்கிற வேலை தெர்மாகோலுக்கு. அதனால வெளியே ஸ்வெட்டர், உள்ளே மண்ணுங்கறதுதான் சரியான ஆர்டர். மாத்திப் போட்டா சுவர் வெயில்ல காயும், மண்ணோட குளுமை ரூமுக்குள்ள வராது.

நம்ம பக்கத்துலயே இதுக்கு சொந்தக்காரங்க இருக்காங்க. 1989-ல் ஆரம்பிச்ச ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட்! மண்ணோட சுமார் 5 சதவிகிதம் சிமென்ட் கலந்து, கையால இயக்குற பிரஸ்ல அழுத்தி கல் எடுக்குறாங்க. சூளையும் இல்ல, விறகும் இல்ல. நாலு வாரம் ஈரத்துல வெச்சா போதும். 2001 குஜராத் பூகம்பத்துக்கு அப்புறம், ஓட்டை வெச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டிக்கிற மண் கல்லுக்கு அங்கே அனுமதி கிடைச்சது. ஓட்டைக்குள்ள கம்பி, கான்கிரீட்... ஐ.சி.எஃப்-போட தம்பிதான், தெர்மாகோலுக்குப் பதிலா மண்ணு!

காசு கம்மியா ஸ்வெட்டர் வேணுமா? லாரி பேக்கர் கேரளாவுல பிரபலப்படுத்தின 'எலிப்பொறி' கட்டு இருக்கு. கல்லை செங்குத்தா நிறுத்திக் கட்டினா நடுவுல காத்து நிக்கும். கல்லும் கிட்டத்தட்ட 25 சதவிகிதம் மிச்சம். அந்தக் குழியில உமியோ கரும்புச் சக்கையோ அடைக்கலாமேன்னு எனக்கும் ஆசை வந்தது. சக்கரை ஆலை பக்கத்துலயே இருக்கே! ஆனா ஈரம் பட்டா மக்கும், கரையானுக்கு விருந்து. வெள்ளம் வர்ற ஊருல ரிஸ்க். வெறும் காத்தே மேல்.

இன்னொரு சிக்கல், நம்ம ஊர் களிமண். விருத்தாசலம் பீங்கானுக்கு களி வேணும். ஆனா, அழுத்தின கல்லுக்கு பாதி மணல் இருக்கணும். களி 20 சதவிகிதம் போதும். அதிகமானா கல்லு காயும்போது வெடிக்கும். மணல் கலக்கணும், இல்ல சிமென்ட்டை விட்டுட்டு சுண்ணாம்புக்குப் போகணும்.

உங்க வீட்டு மண்ணு எப்படி? ஒரு கண்ணாடி பாட்டில்ல கால் பங்கு மண், மீதி தண்ணி, ஒரு சிட்டிகை உப்பு. நல்லா குலுக்கி ஒரு நாள் அசைக்காம வைங்க. அடியில மணல், நடுவுல வண்டல், மேல களின்னு தனித்தனியா நிக்கும். ஸ்கேலை எடுத்து அளந்துடுங்க!