பிடிக்காமல் விட்ட பிடிகள்

ராஜபாளையத்திலிருந்து மேற்கே அய்யனார் கோவிலுக்குப் போகும் பாதையிலும், வடகிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நீளும் மலையடிவாரத்து ஊர்களிலும் பொங்கல், கோவில் கொடை என்று வந்துவிட்டால் கபடியும் உண்டு. விளக்கு வெளிச்சத்தில் கூட்டத்தின் கண் முழுக்கப் பாடிப் போகிறவர் மேல்தான் இருக்கும். இந்த ஆட்டத்தில் எந்தப் பையன் நாளைக்குப் புரோ கபடி லீக் வரைக்கும் போவான் என்று கேட்டால், அதிகப் புள்ளி எடுத்த ரைடரைத்தான் பலரும் காட்டுவார்கள். கடைசிக் கோட்டை ஒட்டி, மூலையில், கால்களை அகற்றிக் குனிந்து நிற்கும் கார்னரை யாரும் காட்டுவதில்லை. ஆனால் கபடியில் கணிக்க மிகக் கடினமான ஆள் அவன்தான். சரியாகக் கணித்தால் அதற்குக் கிடைக்கும் விலையும் பெரிது: 2023 ஏலத்தில் ஈரானைச் சேர்ந்த முகமதுரேசா ஷாத்லூயியை 2 கோடியே 35 லட்சம் ரூபாய்க்குப் புனேரி பல்தான் வாங்கியது. அவர் இடது கார்னர். அந்தப் பருவத்தின் கோப்பை புனேக்குத்தான் போனது. அடுத்த பருவத்தில் அவர் ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு மாறினார்; அந்த முறை கோப்பை ஹரியானாவுக்கு.

கார்னருக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பதைக் களத்தின் அளவே சொல்லிவிடும். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஓர் அணிக்கு 6.5 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அதற்கு 1 மீட்டர் உள்ளே போனஸ் கோடு. அங்கிருந்து கடைசிக் கோடு வரை மிச்சம் 1.75 மீட்டர்தான். களத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது ரைடர் ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மறுகாலைக் காற்றில் வைத்திருந்தால் ஒரு புள்ளி. அந்த ஒரு கணத்தில் அவருடைய மொத்த உடம்பும் ஒரே காலில் நிற்கிறது. அந்தக் காலுக்கு எட்டும் தொலைவில் நிற்பவன் கார்னர். கணுக்காலைப் பிடித்து இழுத்தால், எண்பது கிலோ ஆளை நிறுத்த எண்பது கிலோ பலம் தேவையில்லை. அவரைத் தாங்கி நிற்கும் ஒரே புள்ளியை நகர்த்திவிட்டால் போதும், மீதியை ஈர்ப்பு விசை பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. ஒன்றைக் கண்ணால் பார்த்து உடம்பு அசையத் தொடங்க மனிதனுக்குச் சுமார் 0.2 நொடி ஆகும். அதன்பிறகுதான் கை நீள வேண்டும், விரல்கள் மூட வேண்டும். வந்த ரைடர் என்ன செய்வார் என்ற வாய்ப்புகள் கூடக்கூட இந்த நேரமும் கூடும் என்பதை வில்லியம் ஹிக் 1952-ல் சோதனை மூலம் காட்டினார். கையால் தொடலாம், கால் நீட்டித் தொடலாம், போனஸ் எடுக்கலாம், உதைக்கலாம், குனிந்து நழுவலாம், சும்மா மிரட்டிவிட்டுத் திரும்பலாம். இத்தனைக்கும் தயாராக நிற்கும் ஒருவன், கால் வந்த பிறகு அதைப் பார்த்துப் பிடிக்கப் பாய்ந்தால், அவன் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான்.

ஆகவே நல்ல கார்னர் காலைப் பார்த்துப் பிடிப்பதில்லை. கால் வருவதற்கு முன்பே அது வரப்போவதைப் படித்துவிடுகிறான். இதற்கு மந்திரம் எதுவும் வேண்டாம். நாம் எவரும் ஒரு காலை அப்படியே தூக்கிவிட முடியாது. தூக்க வேண்டுமானால் உடலின் எடை முதலில் மறுகாலுக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்துக்காகப் பாதங்களுக்கு அடியில் ஒரு சிறு தள்ளல் நடக்கிறது, இடுப்பு மிக லேசாகச் சாய்கிறது. நின்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்கும்போது இந்த ஆயத்தம் கால் எழுவதற்குச் சில நூறு மில்லிநொடிகள் முன்பே தொடங்கிவிடுகிறது. ஆட்ட வேகத்தில் அது சுருங்கும், அடியோடு மறையாது. தலையை ஒரு பக்கம் திருப்பி ஏமாற்றலாம், தோளைக் குலுக்கலாம், கையை நீட்டி மிரட்டலாம். இடுப்பை மட்டும் ஏமாற்றுவதற்குப் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் உடலின் எடை மையம் அங்கே இருக்கிறது. ரக்பி ஆட்டக்காரர்கள் பக்கவாட்டில் வெட்டி ஓடும் அசைவுகளை வைத்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வு இதையே காட்டியது. அனுபவம் இல்லாதவர்கள் மிகைப்படுத்தப்பட்ட போலி அசைவில் மயங்கினார்கள். தேர்ந்தவர்கள் எடை மையம் எங்கே போகிறது என்பதைப் பிடித்துக்கொண்டு சற்றுப் பொறுத்து முடிவெடுத்தார்கள்.

அந்தப் பொறுத்தலைத்தான் தேர்வாளர் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பதினாறு பதினேழு வயதுப் பையன்களில் துணிச்சலுக்குப் பஞ்சமே இல்லை. முன்னால் பாய்ந்து விழும் ‘அட்வான்ஸ் டேக்கிள்’ எல்லா ஊரிலும் பார்க்கலாம், கைதட்டலும் அதற்குத்தான் வரும். பொறுத்து நிற்பவனைப் பார்ப்பது அபூர்வம்.

பொறுமைக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கார்னர் தனியாகப் பிடித்தால் அணிக்கு 1 புள்ளி. நழுவவிட்டால் எதிரணிக்கு 1 புள்ளி, கூடவே கார்னரும் வெளியே. பிடிக்கப் போகாமல் விட்டு, ரைடரும் எதையும் தொடாமல் திரும்பினால் யாருக்கும் ஒன்றுமில்லை. அப்படியானால் பாதிக்கு மேல் வெற்றி வாய்ப்பு இருந்தால்தான் பாய்வதில் லாபம். கூட இன்னொருவனும் சேர்ந்து கைபோட்டு, ரைடர் இருவரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டால் நட்டம் 2 புள்ளி; அங்கே மூன்றில் இரண்டு பங்கு உறுதி வேண்டும். மாறாக, களத்தில் மூவரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், 2 புள்ளி. அப்போது மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே பாயலாம். கடைசி ஆளும் விழுந்து ஆல் அவுட் ஆகும் ஆபத்து இருந்தால் கணக்கு மறுபடி மாறும்.

இந்தக் கணக்கின் உச்சம் ‘டூ ஆர் டை’ ரைடு. தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால், புரோ கபடி விதிப்படி மூன்றாவதில் ரைடர் கட்டாயம் புள்ளி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவரே அவுட். அதாவது கார்னர் பாயாமல், தொடவோ போனஸ் எடுக்கவோ இடம் கொடுக்காமல் முப்பது நொடியைக் கடத்திவிட்டாலே 1 புள்ளி வந்துவிடும். இதை உணர்ந்த பையன் அந்த ரைடில் அரை அடி பின்னால் போய் நிற்பான். உணராதவன் வழக்கம்போலப் பாய்வான். இன்னொரு ஆதாயமும் அங்கே இருக்கிறது: ரைடர் வெறுங்கையோடு திரும்ப முடியாது என்று தெரிந்தவனுக்கு எதிர்பார்க்க வேண்டிய அசைவுகள் குறைகின்றன, ஹிக் சொன்னபடி அவன் உடம்பும் சீக்கிரம் அசைகிறது. ஆட்ட அறிவு தசையின் வேகமாக மாறும் அந்த இடம் எனக்குப் பெரிய வியப்பு.

ஆனால் புள்ளிப் பட்டியல் இதில் எதையும் சொல்லாது. எத்தனை முறை பிடித்தான், எத்தனை முறை நழுவவிட்டான் என்பது அதில் இருக்கும். ஒரே ஆட்டத்தில் ஐந்து டேக்கிள் புள்ளி எடுத்தால் ‘ஹை ஃபைவ்’ என்று எழுதியிருக்கும். பிடிக்கக் கூடாத இடத்தில் பிடிக்காமல் விட்டதற்கு அங்கே கட்டமே கிடையாது.

அளவுகளை நம்பித் தேர்ந்தெடுக்கும் பெரிய ஏற்பாடு ஒன்று அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறது. அங்கேயும் மூலையில் நின்று எதிராளியின் இடுப்பைப் பார்த்தபடி பின்னோக்கி ஓடும் ‘கார்னர்பேக்’ உண்டு. கல்லூரி ஆட்டக்காரர்களை இண்டியானாபோலிஸ் நகரத்துக்கு வரவழைத்து, 40 கஜ ஓட்டத்தை நொடியின் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். குதிக்கும் உயரம், கையின் நீளம் எல்லாம் குறிக்கிறார்கள். 2011-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ரிச்சர்ட் ஷெர்மனை ஐந்தாம் சுற்றில், 154-வது ஆளாகத்தான் சியாட்டில் அணி எடுத்தது. சில ஆண்டுகளிலேயே அவர் அந்த நாட்டின் மிகச் சிறந்த கார்னர்களில் ஒருவர் ஆனார். கல்லூரியில் முதலில் அவர் பந்தை வாங்கும் இடத்தில் ஆடியவர். எதிராளி என்ன நினைப்பான் என்பது அவருக்கு உள்ளிருந்தே தெரியும். கபடியிலும் கொஞ்ச காலம் ரைடு போன பையன் கார்னருக்கு வந்தால் நான் அவனைக் கூடுதல் கவனத்தோடு பார்ப்பேன்.

நம் பக்கத்தில், எதிராளியைப் படித்து ஆடும் கார்னருக்கு நல்ல சான்று தர்மராஜ் சேரலாதன். தஞ்சை மாவட்டத்துக்காரர், 1975-ல் பிறந்தவர். லீக் தொடங்கிய 2014-லேயே அவருக்கு நாற்பது நெருங்கிவிட்டது. 2016-ல் பாட்னா பைரேட்ஸ் அவர் தலைமையில் கோப்பை வென்றது; அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அந்த வயதில் இருபது வயது ரைடரோடு வேகத்தில் போட்டி போட எந்த உடம்பாலும் முடியாது. அவர் வேறொன்றால் ஆடினார். ‘அண்ணா’ என்று எல்லா அணியிலும் அவரைக் கூப்பிட்டதில் மரியாதையோடு அந்தப் பார்வைக்கான வணக்கமும் இருந்திருக்க வேண்டும்.

தேர்வில் கண்ணை மறைக்கும் விஷயங்களும் இருக்கின்றன. சீக்கிரம் வளர்ந்த பையன் தன் வயதுக்காரர்களை உடல் பலத்தாலேயே அமுக்கிவிடுவான். கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே நிறைந்திருந்ததை 1985-ல் ரோஜர் பார்ன்ஸ்லியும் உடன் ஆய்ந்தவர்களும் கண்டுகாட்டினார்கள். சில மாத மூப்பைத் திறமை என்று நினைத்துவிடுகிறோம். இன்னொன்று தரை. மண்ணில் பழகிய பையனை ‘மேட்’ என்னும் விரிப்புக் களத்தில் நிறுத்தினால் முதல் சில வாரம் தடுமாறுவான். மண்ணில் உராய்வுக் கெழு 0.5 என்றும், காலணியோடு மேட்டில் 0.9 என்றும் வைத்துக்கொள்வோம். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வரும் ரைடர் மண்ணில் நிற்க 1.6 மீட்டர் தேவைப்படும், மேட்டில் 0.9 மீட்டர் போதும். ரைடர் திரும்பும் இடமே மாறிவிடுகிறது. கார்னரின் மனத்திலுள்ள கணிப்பு முழுவதும் பழைய தூரத்துக்குப் பழகியது. மண் களத்துப் பையனை மேட்டில் நடக்கும் ஒரே நாள் தேர்வில் கழித்துவிடுவது அநியாயம். அந்தத் தேர்வில் பக்கத்தில் நின்று துணைக்கு வரும் ‘கவர்’ முன்பின் தெரியாதவன் என்பதும் சேர்ந்துகொள்கிறது. கார்னர் காலைப் பிடித்த அதே கணத்தில் கவர் வந்து மோதாவிட்டால், நல்ல பிடியும் நழுவின பிடியாகத்தான் எழுதப்படும்.

ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரியிலோ கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்திலோ இடம் கிடைத்து வந்துசேரும் அடிவாரத்துப் பையன் ஒருவனுக்கு முதலமைச்சர் கோப்பை, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று படிகள் இருக்கின்றன. அவன் ஆட்டத்தைச் சரியாகப் பதிந்து வைக்க ஒரு செல்போன் போதும். கடைசிக் கோட்டுக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், கார்னரும் ரைடரின் கால்களும் தெரியும்படி அதை நிறுத்தலாம். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே 33 மில்லிநொடி. ஸ்லோ மோஷனில் 240 படங்கள் என்றால் நான்கு மில்லிநொடிக்கு ஒன்று. ரைடரின் கால் தரையை விடும் படத்தையும், கார்னரின் உடம்பு அசையத் தொடங்கும் படத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கால் எழுந்து ஐம்பது படம் கழித்து அசைகிறான் என்றால் அவன் பார்த்துவிட்டுப் பாய்கிறவன். கால் எழுவதற்கு முன்பே அசைகிறான், அதுவும் பொய் அசைவுக்கு அசையாமல் மெய் அசைவுக்கு மட்டும் அசைகிறான் என்றால், அந்த வீடியோவை உடற்கல்வி ஆசிரியர் அன்றைக்கே தேர்வாளருக்கு அனுப்பிவைக்க வேண்டும், உயரமும் எடையும் நிரப்பிய படிவத்துக்கு முன்னாலேயே.