கலைக்களஞ்சியத்தில் இடம்

களத்தில் குவிந்ததை எல்லாம் உழவன் அப்படியே களஞ்சியத்தில் கொட்டிவிடுவதில்லை. தூற்றிப் பதரை நீக்குகிறான்; ஈரம் போக வெயிலில் உலர்த்துகிறான்; அதன் பின்னரே சேர்த்து வைக்கிறான். பல துறை அறிவையும் ஓரிடத்தில் தொகுத்து வைக்கும் நூலுக்குக் கலைக்களஞ்சியம் என்று பெயரிட்டது மிகப் பொருத்தமேயாகும். அந்நூலிலும் எதனைச் சேர்ப்பது, எதனை நிறுத்தி வைப்பது என்னும் வினா இடைவிடாது எழுகின்றது.

தமிழில் இத்தகைய தொகுப்பு முயற்சிகள் பல நிகழ்ந்துள்ளன. ஆ. சிங்காரவேலு முதலியார் பல்லாண்டு உழைத்துத் தனியொருவராய்த் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ 1910ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர்த் தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, அறிஞர் பலரின் துணையுடன் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. 2003ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா, யாவரும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம். அதில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அச்சு நூலுக்குத் தாளும் செலவும் எல்லை வகுத்தன. இணையத்தில் அவ்வெல்லை இல்லை. அவ்வாறாயின், கேட்பவர் அனைவருக்கும் இடம் கொடுத்துவிடலாமே என்று தோன்றக்கூடும். ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்ந்தால் இதன் விடை விளங்கும்.

தருமபுரி மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் ஐந்தாறு கிறித்தவக் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி கற்பித்து வருகின்றன என்று கொள்க. ஒரு வீட்டுத் தாய் கணக்குக் கற்பிக்கிறார். வேறொரு வீட்டுத் தந்தை ஆங்கிலம் கற்பிக்கிறார். விவிலியப் பாடம் அனைவருக்கும் பொது. வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் ஓரில்லத்தில் கூடிப் படித்துப் பாடுகின்றனர். அக்குழுவின்மேல் அன்பு கொண்ட ஒருவர் அதனைப் பற்றி எழுதிக் கலைக்களஞ்சியத்துக்கு அனுப்புகிறார். அதனை ஏற்பதா, மறுப்பதா? பதிப்பாசிரியர் முடிவு செய்தல் வேண்டும்.

முதற்கண் அவர் தம் மனத்திலிருந்து சிலவற்றை விலக்க வேண்டும். அக்குழு எச்சமயத்தைச் சார்ந்தது என்பது வினாவன்று. வீட்டில் கற்பிப்பது நல்லதா, பள்ளிக்கு அனுப்புவது நல்லதா என்பதும் வினாவன்று. அம்முறையை வெறுப்பவர் அவ்வெறுப்பினால் கட்டுரையைத் தள்ளுதல் தவறு. விரும்புபவர் அவ்விருப்பினால் கொள்ளுதலும் தவறே. துலாக்கோலின் நடுமுள் எப்பக்கமும் சாயலாகாது.

சிறிய குழு என்பதும் குறையாகாது. அதே மாவட்டத்தில், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அங்கு 1993ஆம் ஆண்டு ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் ஒரு குடிசையில் மலைவாழ் மக்களுக்கு மருத்துவப் பணி தொடங்கினர். தொடக்கத்தில் அது மிகச் சிறியதே. ஆயினும் அப்பணியோடு தொடர்பில்லாத இதழாளர் பலர் நேரில் சென்று கண்டு அதனை விரிவாக எழுதியுள்ளனர். ஆதலின் அதனைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவோர்க்குச் சான்று கிடைக்கின்றது. சிறுமை பெருமையைக் காட்டிலும் சான்றே இங்குக் கருதத்தக்கது.

அச்சான்று எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? தருமபுரி மண்ணே இதற்கு விடை கூறும். அம்மாவட்டத்தின் பல ஊர்களில் பழங்காலத்து நடுகற்கள் காணப்படுகின்றன. அவற்றுள் பல தருமபுரி அருங்காட்சியகத்தில் காக்கப்படுகின்றன. ஆநிரை கவர வந்தவரோடு பொருது மாண்ட வீரனுக்கு ஊரார் எடுத்த கல் அது. இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்ன வீரன், இன்ன நிகழ்ச்சியில் உயிர் நீத்தான் என்று பல கற்கள் சுருங்கக் கூறுகின்றன. எந்த வீரனும் தனக்குத் தானே நடுகல் நட்டுக்கொண்டதில்லை. அவன் செயலைக் கண்ட பிறரே கல்லெடுத்தனர். கலைக்களஞ்சியம் வேண்டும் சான்றும் அத்தகையதே. ஒருவரைப் பற்றி அவரைச் சாராத பிறர், நம்பத்தக்க முறையில், விரிவாக எழுதியிருத்தல் வேண்டும்.

சான்று ஒன்றுக்கு மேற்பட்டிருப்பின் உறுதி மிகும். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின், 1981ஆம் ஆண்டு, ஜம்பை என்னும் ஊரில் ஒரு தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அவன் பெயரையும் அவன் அளித்த கொடையையும் அக்கல்வெட்டு கூறுகின்றது. ஏட்டில் வாழ்ந்த பாட்டும் பாறையில் வாழ்ந்த எழுத்தும் ஒன்றையொன்று சாராமலே ஒரே பெயரை மொழிந்தன. ஐயம் நீங்கிற்று.

இனி அச்சிற்றூர்க் குழுவை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். குழுவினர் தாமே அச்சிட்ட துண்டறிக்கை சான்றாகாது. உறவினர் எழுதிய பாராட்டு மடலும் ஆகாது. நூறு பெயர்கள் நிரம்பிய பட்டியலில் அக்குழுவின் பெயரும் ஒன்றாய் வருவது போதாது. நாளிதழ் ஒன்று அதனை நேரில் ஆராய்ந்து எழுதியிருந்தால், வீட்டுவழிக் கல்வியை ஆய்ந்த அறிஞர் ஒருவர் தம் நூலில் அதனை விளக்கியிருந்தால், அப்போது அதற்கு இடமுண்டு. ஓரிரு செய்திகளே கிடைப்பின், வீட்டுவழிக் கல்வி பற்றிய பொதுக் கட்டுரையில் ஒரு வரியாக அதனைச் சேர்க்கலாம். எதுவும் இல்லையெனில் தனிக்கட்டுரைக்கு இடமில்லை என்பதே முறையான முடிவாகும்.

இம்முடிவு கடுமையாகத் தோன்றலாம். ஆனால் சான்றின்றிச் சேர்ப்பதால் விளையும் தீங்கு பெரிது. குழுவினர் தம்மைப் பற்றிக் கூறுவதே கட்டுரையாகுமானால், நிறைகள் மட்டுமே அதில் இடம்பெறும். ‘மாவட்டத்திலேயே முதன்மையானது’ என்று எழுதினால் அதனைச் சரிபார்ப்பார் யார்? நாளை அக்குழு கலைந்துவிட்டால் அதனை அறிந்து திருத்துவார் யார்? அங்குப் பயிலும் சிறுவர்களின் பெயரும் ஊரும் அவர்கள் அறியாமலே உலகறியப் பரவிவிடவும் கூடும். பிழையான ஒரு கட்டுரையால் ஏனைய கட்டுரைகளின் மீதும் படிப்போர்க்கு நம்பிக்கை குறையும்.

எனினும் மறுப்பவர்க்கும் ஒரு கடமையுண்டு. உலகில் எல்லோரைப் பற்றியும் சமமாக எழுதப்படுவதில்லை. நகரத்து நிறுவனத்தைப் பற்றி நூறு இதழ்கள் எழுதும். மலையடிவாரத்து மக்களைப் பற்றி ஒன்றும் எழுதாது. நடுகற்களும் பன்னூறு ஆண்டுகள் வயல்களிலும் புதர்களிலும் படிப்பாரின்றிக் கிடந்தவையே. தொல்லியல் அறிஞர்கள் தேடிச் சென்று படித்து வெளியிட்ட பின்னரே அவ்வீரர்கள் வரலாற்று நூலில் இடம் பெற்றனர். ஆதலின் பதிப்பாசிரியர் ஆங்கில இதழ்களை மட்டும் புரட்டிவிட்டு ‘இல்லை’ என்று கூறலாகாது. தமிழ் நாளிதழ், உள்ளூர் வரலாறு, நூலகத்து ஏடு ஆகியவற்றையும் தேடிய பின்னரே முடிவு கூறுதல் அறமாகும்.

மறுக்கப்பட்டோரும் மனம் வருந்த வேண்டுவதில்லை. கலைக்களஞ்சியத்தில் இடம் பெறுவது பரிசன்று, பெறாமை இழிவுமன்று. ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கற்பிக்கும் கணக்கு, எந்நூலிலும் ஏறாவிடினும், அப்பிள்ளைக்குப் பயன்படவே செய்யும். ஈர நெல்லும் நெல்லே. அதனைப் பதர் என்று எவரும் எறிவதில்லை. ஆயினும் உலரும்வரை அது களத்தில் காத்திருத்தல் வேண்டும். காயாத நெல்லைக் களஞ்சியத்தில் இட்டால், அதுவும் கெடும். அங்குள்ள நல்ல நெல்லும் கெடும்.