மழலையர் வகுப்பில் ஒரு நாள்



கல்வி எப்போது தொடங்குகிறது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் குழந்தை முதல் வகுப்பில் சேரும் நாளையே சுட்டிக்காட்டுவர். எழுத்தைக் கண்ணால் கண்டாலன்றிப் படிப்பு நடைபெறுவதாக நாம் நம்புவதில்லை. மூன்று வயதுக் குழந்தையை மழலையர் வகுப்பிலிருந்து அழைத்துச் செல்ல வரும் தாய்மார், "இன்றைக்கு என்ன எழுதினாய்?" என்றே முதலில் கேட்கின்றனர். "பாடினோம், விளையாடினோம், சாப்பிட்டோம், தூங்கினோம்" என்று குழந்தை விடை சொன்னால் அவர்கள் முகம் வாடுகிறது. அந்தப் பாட்டிலும் விளையாட்டிலும் உணவிலும் உறக்கத்திலும் கல்வி எங்கே அடங்கியிருக்கிறது என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள் அமைந்திருக்கின்றன. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த இப்பகுதியின் தோற்றம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் விரைந்து மாறியது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. வேலை தேடிப் பல மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. பாட்டியும் அத்தையும் சொந்த ஊரில் தங்கிவிட, தந்தையும் தாயும் காலையிலேயே வேலைக்குப் புறப்படும் வீடுகள் பெருகின. முன்னாளில் கூட்டுக் குடும்பம் தானாகவே செய்துவந்த குழந்தை வளர்ப்பை இங்கே வேறொருவர் ஏற்றாக வேண்டிய நிலை ஏற்பட்டது.

இத்தேவையை அரசும் உணராமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் மிகுதியாகப் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைக் காப்பகம் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாடு முழுவதிலும் 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்றது. 'அங்கன்வாடி' என்னும் சொல் நம் செவிக்குப் பழக்கமானது இத்திட்டத்தினால்தான். அச்சொல்லும் அதன் பின்னுள்ள எண்ணமும் மராட்டிய நாட்டுக் கல்வியாளர் தாராபாய் மோடக் அம்மையாரின் முயற்சியிலிருந்து பிறந்தவை. அங்கன் என்றால் முற்றம். ஏழைக் குழந்தை பள்ளியைத் தேடி வர இயலாவிடின், பள்ளி அதன் வீட்டு முற்றத்திற்கே செல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. தமிழ்நாட்டில் இம்மையங்களைக் 'குழந்தைகள் மையம்' என்றும் வழங்குகிறோம்.

இத்தகைய மையமொன்றில் சில நாள்கள் ஓர் ஓரமாக அமர்ந்து, நடப்பவற்றைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒரே ஓர் அறை, ஒட்டினாற்போல் சிறு சமையற்கட்டு, இருபதுக்கும் குறைவான குழந்தைகள், ஓர் ஆசிரியை, உதவிக்கு ஓர் ஆயா. வந்தவுடன் குழந்தைகள் செருப்பைக் கழற்றி வரிசையாக வைக்கின்றனர். கை கழுவுகின்றனர். பிறகு வட்டமாக அமர்ந்து பாடுகின்றனர். அடுத்தது கதை. அதன்பின் மணி கோத்தல், களிமண் உருட்டல், கட்டை அடுக்கல் ஆகியன. பின்னர் வெளியே ஓடியாடுதல், மீண்டும் கை கழுவுதல், மதிய உணவு, உறக்கம் என்று நாள் நகர்கிறது. மறுநாளும் இதே வரிசைதான்.

இவ்வரிசை மாறாதிருப்பதிலேயே முதற்பாடம் அடங்கியுள்ளது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது. 'பன்னிரண்டு மணி' என்பதும் 'இரண்டு மணி நேரம்' என்பதும் அதற்குப் பொருளற்ற ஒலிகளே. ஆனால் கதைக்குப் பின் விளையாட்டு, சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் என்னும் தொடர்ச்சியை அது சில வாரங்களில் அறிந்துகொள்கிறது. காலத்தைப் பற்றிய அறிவு மனிதனுக்கு இவ்வழியாகவே அரும்புகிறது. புதிதாகச் சேர்ந்து விடாது அழுத சிறுமி ஒருத்தியிடம் ஆசிரியை, "தூங்கி எழுந்ததும் அம்மா வருவார்கள்" என்று நாள்தோறும் சொல்லிவந்தார். சொன்னபடியே தாயும் வந்தார். ஒரு வாரம் சென்றபின், புதிதாக வந்து அழுத மற்றொரு குழந்தைக்கு அச்சிறுமியே அதே சொற்களைக் கூறித் தேற்றுவதைக் கண்டேன். அடுத்து நிகழவிருப்பது இன்னதென்று தெரிந்த குழந்தைக்கு அச்சம் குறைகிறது. அச்சம் குறைந்த மனமே கற்பதற்கு ஏற்ற நிலம்.

இனிப் பாட்டைக் கருதுவோம். கைதட்டிப் பாடும்போது ஒவ்வொரு தட்டும் ஒவ்வோர் அசைமீது விழுகிறது. ஒரு சொல் சிறு சிறு ஒலிகளாகப் பிரியக்கூடியது என்பதைக் குழந்தையின் செவி இவ்வாறு கண்டுகொள்கிறது. இச்செவியறிவு வாய்த்த பிறகு எழுத்தைக் காட்டினால், எந்த ஒலிக்கு எந்த வடிவம் என்று பொருத்திக்கொள்வது எளிதாகிறது. செவி பழகாத குழந்தைக்கோ 'க'வும் 'த'வும் பொருளற்ற கோடுகளாகவே நிற்கும்.

எண்ணும் அவ்வாறே. 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று பத்து வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு எண்ணத் தெரியும் என்று நாம் மகிழ்கிறோம். ஒப்பித்தல் வேறு, எண்ணுதல் வேறு. சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980) இதனை விளக்க எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டினார். நீங்களும் அதனை வீட்டில் செய்து பார்க்கலாம். ஆறு புளியங்கொட்டைகளை ஒரு வரிசையாகவும், வேறு ஆறினை அதற்கு நேராக மற்றொரு வரிசையாகவும் வையுங்கள். இரண்டும் சமமா என்று நான்கு வயதுத் தம்பியைக் கேளுங்கள், சமம் என்பான். பிறகு அவன் கண்முன்னரே ஒரு வரிசையின் கொட்டைகளைச் சற்று அகலமாகப் பரப்பிவிட்டு, எதில் அதிகம் என்று கேளுங்கள். நீண்ட வரிசையிலேதான் அதிகம் என்று அவன் பெரும்பாலும் கூறுவான். இடம் மாறினாலும் எண்ணிக்கை மாறாது என்னும் உண்மை, பொருள்களைத் தானே பலகாலும் எடுத்து வைத்துப் பழகும் குழந்தைக்கே மெல்ல மெல்ல விளங்குகிறது. நான் கண்ட மையத்தில் உணவுத் தட்டுகளை வைக்கும் பொறுப்பு முறைவைத்துக் குழந்தைகளுக்கே அளிக்கப்பட்டிருந்தது. ஒருவருக்கு ஒரு தட்டு. தட்டு மீந்தால் யாரோ வரவில்லை. குறைந்தால் ஆயாவிடம் சென்று கேட்க வேண்டும். கணிதத்தின் அடிப்படை அத்தட்டுகளோடு கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

எழுத்தைப் பற்றித்தான் பெற்றோர் மிகுதியும் கவலைகொள்கின்றனர். இங்கே நம் உடலமைப்பைச் சற்று அறிதல் நன்று. மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை யாவும் குருத்தெலும்பாகவே இருக்கும். மூன்று வயதளவில் அவற்றுள் ஏறத்தாழ மூன்றே எலும்பாகத் தொடங்கியிருக்கும். ஏனையவை ஒவ்வொன்றாக முதிர்ந்து, எட்டாவது எலும்பு தோன்றுவதற்குப் பத்து வயதை ஒட்டியும் ஆகலாம். இக்கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது இளங்கன்றை ஏரில் பூட்டுவது போன்றதாகும். மணி கோக்கும்போதும், களிமண்ணைப் பிசையும்போதும், காகிதத்தைக் கிழித்து ஒட்டும்போதும் பெருவிரலும் சுட்டுவிரலும் இணைந்து இயங்கப் பயில்கின்றன. பின்னர்ப் பென்சிலைப் பிடிக்கப்போவனவும் அவ்விரல்களே.

இவ்வுண்மை நம் நாட்டுக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதியே பழகினர். சென்னையில் ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திவந்த ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து, தம் பள்ளியிலும் மேற்கொண்டார். 1797-இல் லண்டனில் நூல் வெளியிட்டு இங்கிலாந்துக்கும் அதனை அறிமுகப்படுத்தினார். 1907-இல் ரோமாபுரியின் தொழிலாளர் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். அவரே 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மணலும் தாளும் வேறாயினும், விரல் அறிந்த பின்னரே எழுதுகோல் என்னும் முறை ஒன்றே.

உணவையும் உறக்கத்தையும் கல்வியின் புறத்தே வைத்து எண்ணுதலும் பிழை. பசித்த குழந்தையின் கவனம் கதையில் நில்லாது. 1980-இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், சிறு குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாதவர்களுக்குத் துணையுணவு அளித்தது. 1982 ஜூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. உண்ணுமுன் கை கழுவுவதும், சிந்தாமல் உண்பதும், பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைக்கும் வரை காத்திருப்பதும் அந்தப் பந்தியிலேயே பயிலும் பாடங்கள்.

இவ்வளவும் உண்மையாயின் பெற்றோர் ஏன் கலங்குகின்றனர்? அவர்கள் கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. தெருக்கோடியில் உள்ள தனியார் நர்சரிப் பள்ளியில் அதே வயதுக் குழந்தை ஆங்கில எழுத்துகளை எழுதி நோட்டுப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. தொழிலாளிக்குத் தன் பிள்ளையின் படிப்பைத் தவிர வேறு சொத்து இல்லை. தன் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்று அவர் அஞ்சுவது இயல்பே. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசு தொடங்கியதற்கும் இவ்விருப்பமே முக்கியக் காரணமாகும்.

ஆயினும் பெயர் எதுவாயினும் வகுப்பினுள் நடப்பது எது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. குழந்தைக்குப் பேச இடம் உண்டா? கையால் எடுத்து ஆளப் பொருள்கள் உண்டா? ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்துக் கவனிக்க ஆசிரியைக்கு நேரம் உண்டா? அங்கன்வாடிப் பணியாளர் பாடம் சொல்வதோடு எடை பார்க்கவும், கருவுற்ற தாய்மாரைக் கவனிக்கவும், பதிவேடுகளை நிரப்பவும் வேண்டியிருக்கிறது. பதிவேட்டுக்குச் செல்லும் நேரம் கதைக்குரிய நேரத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2002-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் நம் அரசியலமைப்பின் 45-ஆம் விதி, ஆறு வயது நிரம்பும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்று பணிக்கிறது. பெற்றோர் நோட்டுப் புத்தகத்தைக் கேட்பதற்கு மாறாக, இந்த நேரத்தையும் பொருள்களையும் உரிமையோடு கேட்பாராயின், அக்கேள்வியால் பயன் விளையும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் பலர் வீட்டில் தம்பி தங்கையர் இருப்பர். சிலர் நாளை ஆசிரியராவீர்கள். சின்னஞ்சிறு பிள்ளையின் கையைப் பிடித்து எழுத வைப்பதற்கு அவசரப்பட வேண்டா. நாளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். அதனைத் திருப்பிச் சொல்லச் செய்து பொறுமையாகக் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் தட்டுகளை எண்ணி வைக்கச் சொல்லுங்கள். வாசலில் மணல் இருந்தால் விரலால் வட்டமும் கோடும் போடவிடுங்கள். இவற்றுக்குப் பணம் வேண்டுவதில்லை. நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.