வாய் கோணியது, கை விழுந்தது! பக்கவாதம் அல்ல, சர்க்கரை செய்த வேலை

காலை 7-30 மணி. வண்ணாரப்பேட்டையில் ஒரு மளிகைக் கடை. கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கு வயது 62.

பால் பாக்கெட் வாங்க வந்த அம்மாள் நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். மீதி எடுக்கப் போனார் அண்ணாச்சி. வலது கை எழவில்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. ஏதோ சொல்ல வந்தார். நாக்கு குழறியது. அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"ஐயையோ, அண்ணாச்சிக்கு வாதம் அடிச்சிடுச்சு!"

அம்மாள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஒருவர் சோடா உடைத்தார். ஒருவர் உள்ளங்கையைத் தேய்த்தார். இன்னொருவர், "புறா ரத்தம் சூடா தேய்ச்சா சரியாப் போயிடும், இதோ வாங்கியாரேன்" என்று சைக்கிளில் ஏறிப் பறந்தார். உருப்படியான காரியம் செய்தவன் கடைப் பையன் ஒருவன்தான். ஓடிப்போய் ஆட்டோவை மடக்கினான்.

எதிர் டீக்கடையில் நின்றுகொண்டிருந்த நானும் கூடவே தொற்றிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்டிரெச்சரில் படுக்க வைத்ததும் நர்சம்மா முதலில் செய்தது என்ன தெரியுமா? விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். கையடக்க மீட்டரில் வந்த எண்: 34.

ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. 34 என்றால் மூளைக்குப் பட்டினி! உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சில நிமிஷம்தான். விழுந்த கை எழுந்தது. கோணிய வாய் நேரானது. அண்ணாச்சி கண்ணைத் திறந்து சுற்றுமுற்றும் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி:

"கல்லாவை யாரு பாக்கறா?"

அன்று அமாவாசை. விரதம். வெறும் வயிறு. ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியிருக்கிறார்!

ஆள் மாறாட்டம்

போலீஸ் ஸ்டேஷன் பாஷையில் சொன்னால் இது ஆள் மாறாட்டக் கேஸ். பக்கவாதத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வேறு நோய் வந்து நிற்கிறது. பார்க்கிறவர்கள் மட்டும் அல்ல, டாக்டர்களே முதல் பார்வையில் ஏமாறுகிறார்கள்.

1982-ல் கனடா டாக்டர்கள் இரண்டு பேர், பக்கவாதம் என்று சேர்க்கப்பட்ட 821 நோயாளிகளின் கணக்கைப் பார்த்து வெளியிட்டார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு வந்தது பக்கவாதமே அல்ல! 2006-ல் வெளியான எடின்பரோ ஆஸ்பத்திரிக் கணக்கு இன்னும் மோசம். சந்தேகத்தின் பேரில் வந்த 350 கேஸ்களில் 109 வேறு நோய்கள்.

இந்தப் போலிகளில் சுலபமாகப் பிடிபடுவது சர்க்கரைக் குறைவுதான். ஒரு சொட்டு ரத்தம் போதும். அதனால்தான் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்கு முன், எந்தப் பரிசோதனையை விட்டாலும் சர்க்கரையைப் பார்க்காமல் விடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள்.

வலிப்புக்குப் பிறகு

அடுத்த பெரிய போலி, வலிப்பு. துடிப்பு நின்று ஆள் அடங்கிய பிறகு, ஒரு கையோ ஒரு பக்கமோ துணி மாதிரி தொங்கும். டாட் என்ற லண்டன் டாக்டர் 19-ம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்தார். இன்றும் டாக்டர்கள் 'டாட் வாதம்' என்றுதான் சொல்கிறார்கள். சில நிமிஷத்திலோ, சில மணி நேரத்திலோ, மிஞ்சினால் ஒன்றிரண்டு நாளிலோ தானாக விலகிவிடும்.

இதில் சிக்கல் எங்கே என்றால், வலிப்பு வந்ததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பார்த்தவர்களோ கையில் சாவிக்கொத்தைத் திணித்துவிட்டுப் போய்விடுவார்கள். (சாவியால் எந்தப் பயனும் கிடையாது. வலிப்பு தானாகவே அடங்குகிறது, பெயர் சாவிக்கு!) அப்புறம் ஆஸ்பத்திரிக்கு வருவது கை விழுந்த ஆள் மட்டும்தான். கண்ணால் கண்ட சாட்சி இல்லாத கேஸ் எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் சாட்சி என்றால் கூடவே போய்ச் சொல்லுங்கள்: "முதல்ல உடம்பு வெட்டி இழுத்துச்சு, அப்புறம்தான் கை விழுந்துச்சு" என்று.

நெற்றியைச் சுருக்கு!

முகம் மட்டும் கோணுவது தனி ரகம். காலையில் எழுந்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஒரு ஓரமாக வழிகிறது. ஒரு கண் மூட மாட்டேன் என்கிறது. ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் காற்று பட்டது என்பார்கள். இதன் பெயர் பெல் வாதம். காதுக்குப் பின்னால் வரும் முக நரம்பு வீங்குவதால் வருவது. மூளைக்கு இதில் சம்பந்தம் இல்லை.

டாக்டர் "நெற்றியைச் சுருக்குங்க" என்பார். பெல் வாதம் என்றால் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது. பக்கவாதத்தில் பெரும்பாலும் வாய் கோணினாலும் நெற்றி சுருங்கும். ஆனால் இதை வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இதற்கும் 3 நாளுக்குள் மாத்திரை ஆரம்பித்தால்தான் நல்ல பலன்.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். "அந்த ஊர் வைத்தியர் எண்ணெய் போட்டார், மூணு வாரத்துல வாதம் பறந்துடுச்சு" என்று பல இடத்தில் கேட்டிருப்பீர்கள். பெல் வாதம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தே போடாவிட்டாலும் சில வாரம், சில மாதத்தில் முகம் நேராகிவிடும். எண்ணெய்க்குப் புகழ் வந்த வழி அதுதான். அந்தப் புகழை நம்பி நிஜப் பக்கவாதக்காரரை அங்கே தூக்கிக்கொண்டு போகிறார்களே, அதுதான் கொடுமை.

ஒற்றைத் தலைவலி கூட வேஷம் போடும். கண் முன்னால் பளிச் பளிச்சென்று கோடுகள் ஓடும், விரல் மரத்து அந்த மரப்பு மெல்ல மெல்ல மேலே ஏறும், பேச்சு தடுமாறும். பக்கவாதம் அப்படி மெல்ல ஏறுவதில்லை, சட்டென்று அடிக்கும். மனநெருக்கடியில் கை கால் இயங்காமல் போவதும் உண்டு. அதை நடிப்பு என்று திட்டுவது தவறு. அதுவும் நோய்தான்.

அப்படியானால் பொறுத்துப் பார்க்கலாமா?

கூடவே கூடாது! மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் நிமிஷத்துக்கு 19 லட்சம் மூளை செல்கள் சாகின்றன என்று 2006-ல் கணக்குப் போட்டார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "லோ சுகரா இருக்கும், சரியாப் போயிடும்" என்று வாசலில் உட்கார்ந்து காப்பி ஆற்றினால் அந்த நேரம் போயே போய்விடும்.

டாக்டர்களும் அவசரமாக ஸ்கேன் எடுப்பது இதற்குத்தான். மூளையில் ரத்தக் கசிவு இருந்தால் சி.டி. ஸ்கேனில் உடனே தெரியும். கசிவு உள்ளவருக்கு அந்த ஊசி எமன். ஆனால் அடைப்பு ஆரம்பத்தில் ஸ்கேனில் தெரியாமலே இருக்கலாம். ஸ்கேன் நன்றாக இருக்கிறதே என்று எழுந்து வந்துவிட முடியாது. போலி நோய்க்காரருக்குத் தவறி ஊசி விழுந்தாலும் ரத்தக் கசிவு வருவது அபூர்வம். நிஜ நோய்க்காரருக்கு விட்டுப்போனால் ஆயுள் முழுக்கப் படுக்கை. எனவே, வேறு நோய் என்று தெரியும் வரை எல்லோரும் பக்கவாதக்காரர்தான் என்று வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

கூடப் போகிறவர் மூன்று விஷயம் சொல்லத் தெரிந்தால் போதும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார், வலிப்பு வந்ததா. மாத்திரை அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாய் கோணி, நினைவு மங்கிக் கிடப்பவருக்குச் சோடாவோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

நம் அண்ணாச்சிக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். கோளாறு இல்லை. ஆனாலும் அன்று ராத்திரி வார்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் விழுங்கிய மாத்திரை நெடுநேரம் வேலை செய்யும் ரகம். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் மறுபடி இழுத்துப் போட்டுவிடுமாம். மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

மறுநாள் சாயந்திரம் கடை திறந்திருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குளுக்கோஸ் பாக்கெட். கடை வாசலில் கூடையில் ஒரு புறா. "வாங்கியாந்துட்டேன், காசு கொடுங்க" என்று சைக்கிள்காரர் நிற்க, அண்ணாச்சி பேரம் பேசிக்கொண்டிருந்தார்.