மாரி தாங்கும் திடல்

டென்னிஸ் திடலைப் பந்து கெடுப்பதில்லை, வீரரின் சப்பாத்தும் கெடுப்பதில்லை. வெடிப்பு, பாசி, பள்ளம், கோடு உரிதல் என எந்தக் குறையைத் தோண்டிப் பார்த்தாலும் அடியில் பெரும்பாலும் போக வழியின்றி நின்ற தண்ணீர்தான் இருக்கும். ஆகவே திடல் அமைப்பவர் மேலே என்ன நிறம் பூசுவது என்று யோசிக்கும் முன்னர், விழும் மழை எங்கே போகும் என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் அரியாலையில் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் கூடுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நிலத்துக்குள் இறங்கும் மழையே கிணறுகளில் ஊறி வருகிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆட்டக் கோடுகளுக்கு உட்பட்ட இடம் 78 அடி நீளம், 36 அடி அகலம். ஓடித் திரும்பும் இடத்தையும் சேர்த்தால் 120 அடிக்கு 60 அடி, அதாவது ஏறக்குறைய 669 சதுர மீற்றர். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,250 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். இரண்டையும் பெருக்கினால் ஒரு திடல் மட்டும் ஓர் ஆண்டில் 8 இலட்சம் லீற்றருக்கு மேல் நீரை ஏந்துகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர் பதிவானது. அப்படிப்பட்ட ஒரு நாளில் அதே திடலில் இரண்டரை இலட்சம் லீற்றருக்கு மேல் விழும்.

அரியாலையின் அமைப்பு இதை மேலும் சிக்கலாக்குகிறது. வடக்கே செம்மணி வெளியும் உப்பாற்றுக் கடனீரேரியும், தெற்கே யாழ்ப்பாணக் கடனீரேரியும் இருக்க, நடுவில் கிடக்கும் தாழ்ந்த நிலம் அது. கிழக்கு அரியாலைப் பக்கம் போகப் போக மணல் கூடும். கடல்நீர் உப்பாற்றுக்குள் ஏறாமல் மறிக்க 1950களில் அரியாலையில் தடுப்பணை கட்டினார்கள். இத்தகைய ஊரில் போடும் திடலுக்கு நீர் மூன்று வழிகளில் வரும்: வானத்திலிருந்து மழையாக, பக்கத்திலிருந்து வெள்ளமாக, அடியிலிருந்து உவர்நீராக. மூன்றுக்கும் தனித்தனியே விடை வேண்டும்.

மேலிருந்து வரும் மழைக்கு விடை சரிவு. கண்ணுக்கு மட்டமாகத் தெரியும் நல்ல திடல் உண்மையில் சாய்ந்தே இருக்கிறது. தார் அல்லது கொங்கிறீற் திடலென்றால் ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் அங்குல இறக்கம் தருவார்கள். 60 அடி அகலத்தைக் கடக்கும்போது ஒரு விளிம்பு மற்றதைவிட 6 அங்குலம் தாழ்ந்திருக்கும். ஆடுபவர் அதை உணர்வதில்லை. நீர் உணர்ந்து ஓடுகிறது. இந்தச் சரிவு முழுத் திடலுக்கும் ஒரே தளமாக, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு இருப்பதே சிறந்தது. நீர் ஓட வேண்டிய தூரம் அப்போதுதான் மிகக் குறைவு. வலையிலிருந்து இரு புறமும் சரித்தால் ஆட்டமே மாறிவிடும். வலையை நோக்கிச் சரித்தால் நடுவில் குளம் கட்டும்.

வேலை முடிந்ததும் திடல் முழுவதும் நீர் பாய்ச்சி, வெயிலில் ஒரு மணி நேரம் விட்டுப் பார்ப்பது வழக்கம். அதன் பின்னும் எங்காவது 2 மில்லிமீற்றர் அளவுக்கு நீர் தேங்கி நின்றால் அந்த இடத்தைத் திருத்த வேண்டும். இவ்வளவு சிறிய பள்ளத்துக்கு ஏன் இத்தனை கண்டிப்பு? தேங்கிய இடத்தில் தூசி படியும், பாசி பிடிக்கும், மேற்பூச்சு உரியும். ஒரு மாரியில் சிறிதாக இருந்த பள்ளம் அடுத்த மாரியில் பெருத்துவிடும்.

பக்கத்திலிருந்து வரும் வெள்ளத்துக்கு விடை உயரம். திடலின் தளம் சுற்றுநிலத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். அயல் காணிகளிலிருந்து நீர் வரும் பக்கத்தில் வாய்க்கால் ஒன்று அதை முன்கூட்டியே மறித்துத் திருப்ப வேண்டும். உயர்த்தக் கொட்டும் மண்ணை ஒரேயடியாகக் குவித்து உருட்டினால் மேற்பகுதி மட்டும் இறுகும்; உள்ளே பொந்தாகவே கிடக்கும். மெல்லிய அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் ரோலரால் இறுக்க வேண்டும். இங்கேயும் தண்ணீர் நுழைகிறது, ஆனால் துணையாக. 1933இல் கலிபோர்னியாவின் பொறியியலாளர் புரொக்டர் ஓர் உண்மையை வகுத்துக் காட்டினார்: ஒவ்வொரு மண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட ஈரப்பதத்தில்தான் அதிகபட்ச இறுக்கம் கிடைக்கும். காய்ந்த மண்ணில் துகள்கள் உரசி நிற்கும். நனைந்த மண்ணிலோ நீரே இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் உள்ள அந்த ஈரத்தில் துகள்கள் வழுக்கி நெருங்கி அமர்கின்றன. வீதியும் அணைக்கட்டும் விளையாட்டுத் திடலும் இன்றும் இந்த விதியில்தான் எழுகின்றன.

அடியிலிருந்து வரும் நீரைக் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் மறந்துபோவார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்துகள்களின் நுண்ணிய இடைவெளி வழியே நிலத்தடி நீர் மேலேறுகிறது. இடைவெளி எவ்வளவு சிறிதோ ஏற்றம் அவ்வளவு உயரம். நுண்மண்ணில் மீற்றர் கணக்கில் ஏறும் நீர், பருங்கல் அடுக்கில் சில சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். கடனீரேரியோர நிலத்தில் ஏறிவரும் நீர் உப்பையும் சுமந்து வரும். கோடையில் நீர் ஆவியாக, உப்பு மட்டும் மேற்பரப்பில் பூக்கும். அந்தப் பளிங்குகள் வளரும்போது தரும் அழுத்தம் பூச்சையும் கல்லையும் பெயர்த்துத் தள்ளும். கொங்கிறீற்றுக்குள் உப்பு புகுந்தால் கம்பி துருப்பிடித்து, பருத்து, தளத்தையே பிளந்துவிடும்.

இதற்கு மருந்து பருங்கல் அடுக்கு. அது மேலிருந்து இறங்கும் நீருக்கு வழிவிடும். கீழிருந்து ஏறும் நீரை நிறுத்தும். ஒரே அடுக்கு இரண்டு காவல் வேலைகளைச் செய்கிறது. ஆனால் பருங்கல்லின் மேல் நேரடியாக நுண்மண்ணைக் கொட்டினால் மண் இடுக்குகளில் இறங்கி அடைத்துவிடும். ஒவ்வோர் அடுக்கின் இடைவெளியும் அதற்கு மேலுள்ள அடுக்கின் துகளைப் பிடித்து நிறுத்தும் அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும். மண்ணியல் பொறியியலின் தந்தை எனப்படும் தெர்சாகி இதற்கான அளவு விதியை வகுத்தார்.

உலகின் புகழ்பெற்ற செம்மண் திடல் இந்த அறிவின்மேல் நிற்கிறது. பாரிஸில் 1928இல் திறக்கப்பட்ட ரோலண்ட் கரோஸ் அரங்கில் நாம் காணும் சிவப்பு, பொடித்த செங்கல்லின் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் படலம் மட்டுமே. அதன் கீழே 6 முதல் 7 சென்ரிமீற்றர் வரை பொடித்த வெண்சுண்ணாம்புக்கல். அதற்கும் கீழே நிலக்கரிச் சாம்பற்கட்டி. அடியில் 30 சென்ரிமீற்றருக்குக் குறையாத உடைகல். ஆட்டத்தைத் தாங்குவது அந்த வெண்சுண்ணாம்பு அடுக்குத்தான். அதன் நுண்துளைகள் அளவான ஈரத்தைப் பிடித்து வைத்து, மேலேயுள்ள செம்பொடி பறக்காமல் காக்கின்றன. மிகுதி நீரைக் கீழே விட்டுவிடுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் இதே இனக் கல்லின்மேல்தான் அமர்ந்திருக்கிறது. மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் அது.

நம் மண்ணுக்குப் பழக்கமான இன்னொரு மேற்பரப்புப் பொருளும் உலகில் பெயர் பெற்றது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கிராமங்களில் கறையான் புற்றை உடைத்து, பரப்பி, நனைத்து, உருட்டித் திடல் செய்தார்கள். 1962இலும் 1969இலும் ஓராண்டின் நான்கு பெரும் பட்டங்களையும் வென்ற ரொட் லேவர் சிறுவயதில் பழகியது தகப்பனார் அமைத்த அப்படியொரு புற்றுமண் திடலில்தான். கறையான் தன் உமிழ்நீரால் களித்துகளைப் பிணைக்கிறது. அதனால் அந்த மண் காய்ந்ததும் கல்லாக இறுகுகிறது. புற்றுமண்ணும் சாணமும் குழைத்துத் திண்ணையும் தரையும் மெழுகிய நம் பாட்டிமாருக்கு இந்தப் பண்பை எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆயினும் மண் திடலுக்கு ஒரு விலை உண்டு. அது காய்ந்தால் தூளாகும். கோடையில் நாள்தோறும் நீர் தெளிக்க வேண்டும். கிணற்று நீர் வற்றி உவர்ப்பேறும் மாதங்களில் அந்தச் செலவை அரியாலை தாங்குமா என்பதை முதலில் கணக்கிட வேண்டும். தாங்காதென்றால் சரிவு சரியாக அமைந்த கடினத் தளமே ஊருக்குப் பொருத்தம். அதற்குத் தெளிக்க நீர் வேண்டாம். மாறாக மாரியில் விழும் நீரை ஏறக்குறைய முழுமையாக ஒரே விளிம்பில் சேர்த்துத் தரும்.

சேர்ந்த அந்த நீரை என்ன செய்வது என்பதில்தான் யாழ்ப்பாணத் திடலின் தனிப் பொறுப்பு இருக்கிறது. வேறு ஊர்களில் வடிகால் நீர் கண்ணை விட்டு மறைந்தால் வேலை முடிந்தது. இங்கே நிலத்தடி நன்னீர், தன்னைவிடக் கனமான உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு வில்லை. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் ஆழத்துக்கு உவர்நீரை அது தள்ளி வைக்கிறது. மேலே ஒரு சாண் குறைந்தால் கீழிருந்து உப்பு பல மடங்கு ஏறிவரும். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்தச் சமநிலையின் சாட்சி. ஆகவே திடலின் விளிம்பில் சேரும் எட்டு இலட்சம் லீற்றரை வீதி வாய்க்காலில் விட்டுக் கடனீரேரிக்கு அனுப்புவது பெரும் இழப்பு. மணலும் சரளையும் நிரப்பிய வடிகுழி வழியாகவோ, அயலில் உள்ள குளம் கேணிக்கோ அதைக் கொண்டுபோக வேண்டும். மணல் வடிப்பு கட்டாயம். சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் நீரை வடிகட்டாமலே விழுங்கும்; அழுக்கும் எண்ணெயும் அப்படியே கிணற்றுக்குப் போய்விடும்.

ஊரில் ஒரு சனசமூக நிலையமோ பாடசாலையோ திடல் அமைக்கப் பணம் சேர்க்கும்போது, வரைபடத்தில் இரண்டு கோடுகளைக் கேட்டு வாங்க வேண்டும்: நீர் எந்த விளிம்புக்கு ஓடும், அங்கிருந்து எந்தக் குளத்துக்கு அல்லது குழிக்குப் போகும். இரண்டுக்கும் தெளிவான விடை உள்ள திடலே நீடிக்கும். பிள்ளைகள் ஆட இடமும், அயல் வீட்டுக் கிணற்றுக்கு நன்னீரும் ஒரே செலவில் கிடைக்கும்.